கதவைச் சாத்திவிட்டு ஆடுங்கள்

கணவனும் மனைவியும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு இணையத்தில் ஜோடியாக பிரிட்ஜ் ஆடக் கூடாது. ஒரே வீட்டில் இருக்கலாம். ஒரே இணைய இணைப்பைப் பயன்படுத்தலாம். ஆட்டம் முடிந்ததும் ஒரே மேசையில் சாப்பிட்டபடி சண்டையும் போட்டுக்கொள்ளலாம். ஆடுகிற அந்த இரண்டரை மணி நேரம் மட்டும் இருவருக்கும் நடுவே சாத்திய கதவு ஒன்று இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான்.

இத்தனை சின்ன விஷயத்துக்கு ஒரு கட்டுரையா என்று கேட்பீர்கள். போன மாதம் ஹாரோவில் நண்பர் வீட்டு விருந்தில் இதைச் சொன்னபோது மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். ஒருவர், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்னங்க ஒளிவு மறைவு?" என்றார். இன்னொருவர், "காசு வெச்சா ஆடறீங்க? வீட்டுல உக்காந்து பொழுது போக்கறதுக்கு எதுக்கு இத்தனை சட்டம்?" என்றார். மூன்றாமவர் கொஞ்சம் கோபமாகவே, "அப்ப நாங்க ஏமாத்தறோம்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். பெருந்தொற்றுக் காலத்தில் பிரிட்ஜ் கற்றுக்கொண்டு இன்றும் மனைவியோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுகிறவர் அவர். மூவருக்கும் அன்று நான் பதில் சொல்லவில்லை. பந்தியில் சண்டை வேண்டாமே என்று விட்டுவிட்டேன். இங்கே சொல்கிறேன்.

முதலில், ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்கு 304 தெரியும் என்பதால் அங்கிருந்தே தொடங்கலாம். அதில் 32 சீட்டுகள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஆக ஒரு நிறத்துக்கு 76, நான்கு நிறத்துக்கும் சேர்த்து 304. நால்வர் ஆடினால் எதிரே இருப்பவர் கூட்டாளி. பிரிட்ஜிலும் கூட்டாளி எதிரேதான். சீட்டுகள் மட்டும் 52, ஆளுக்கு 13. அங்கே கேட்பதுபோல் இங்கே ஏலம். அந்த ஏலத்தில்தான் பிரிட்ஜின் உயிர் இருக்கிறது. ஏலத்தில் பேச அனுமதிக்கப்பட்ட சொற்கள் மொத்தம் 15: ஒன்று முதல் ஏழு வரை எண்கள், நான்கு நிறங்கள், நோ டிரம்ப், பாஸ், டபுள், ரீடபுள். இவற்றைக் கோத்தால் 38 கூற்றுகள் கிடைக்கும். அதற்கு மேல் ஒன்று இல்லை. ஆனால் ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுச் சேர்க்கைகள் 63,501 கோடிக்கும் அதிகம். அத்தனை கோடியில் ஒன்றாகிய என் கையை அந்த 38 கூற்றுகளைக் கொண்டு எதிரே இருப்பவருக்குப் புரியவைக்க வேண்டும். அதை எதிராளிகள் இருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் நம் மொழியின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

304 மேசையில் சாடை காட்டுவது பாதிக் கேளிக்கை என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். பிடிபட்டால் கூச்சல், ஒரு சுற்றுச் சிரிப்பு, அதோடு சரி. பிரிட்ஜில் அப்படி இல்லை. முன்கூட்டியே பேசிவைத்த ரகசியச் சைகையைவிடப் பெரிய குற்றம் அதன் சட்டப் புத்தகத்தில் கிடையாது. சாடை காட்டும் எண்ணமே இல்லாதவருக்கும் அங்கே ஒரு விதி இருக்கிறது. கூட்டாளி வழக்கத்தைவிட நேரம் எடுத்தாலோ, பெருமூச்சு விட்டாலோ, சீட்டைப் பட்டென்று வைத்தாலோ, அதிலிருந்து உங்களுக்குத் தெரியவந்தது அனுமதியற்ற தகவல். அதைப் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தவில்லை என்பது தெளிவாகத் தெரியும்படி ஆட வேண்டும். கூட்டாளி வேண்டுமென்றே பெருமூச்சு விட்டாரா என்று விதி கேட்பதில்லை. தகவல் வந்தது, அவ்வளவுதான் கணக்கு.

நம் ஆட்கள் புரிந்துகொள்ள மறுப்பது இந்த இடத்தைத்தான். தப்பு என்றால் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். எண்ணம் சுத்தமாக இருந்தால் கையும் சுத்தம் என்று நினைக்கிறோம்.

ஹெரால்ட் வாண்டர்பில்ட் 1925-இல் ஒரு கப்பல் பயணத்தில் இன்றைய காண்ட்ராக்ட் பிரிட்ஜுக்கு வடிவம் கொடுத்தார். அதன் பிறகான வரலாற்றை மனித உடலை மேசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்திய வரலாறு என்றே சொல்லலாம். ஏலத்தை வாயால் சொன்னால் குரல் காட்டிக்கொடுக்கிறது என்று ஏலச் சீட்டுகள் கொண்ட பெட்டி வந்தது. 1965-இல் புவனோஸ் அயர்ஸில் நடந்த உலகப் போட்டியில், பிரிட்டனின் டெரன்ஸ் ரீஸும் போரிஸ் ஷப்பிரோவும் சீட்டைப் பிடித்த விரல்களின் எண்ணிக்கையால் பேசிக்கொண்டார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. பிறகு கூட்டாளிகளுக்கு நடுவே, மேசைக்குக் குறுக்கே, திரை வந்தது. 1975-இல் பெர்முடாவில் அந்தத் திரை அறிமுகமான அதே போட்டியில், திரைக்குக் கீழே இத்தாலிய ஜோடி ஒன்றின் கால்கள் பேசுவதாகச் சொன்னார்கள். மேசைக்கு அடியிலும் தடுப்பு வந்தது. 2013-இல் பாலியில் ஜெர்மானிய மருத்துவர்கள் இருவர் இருமலால் பேசினார்கள் என்று அடுத்த ஆண்டு உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு தடை விதித்தது. 2015-இல் இஸ்ரேலின் ஃபிஷர், ஷ்வார்ட்ஸ் ஜோடி சீட்டுப் பலகையை மேசையில் எந்த இடத்தில் வைக்கிறது என்பதிலேயே செய்தி இருப்பதைப் பழைய காணொளிகளைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்.

குரல், விரல், கால், தொண்டை என்று ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே வந்தவர்களுக்கு இணையம் ஒரு வரப்பிரசாதம். பார்க்க முகமில்லை, கேட்கக் குரலில்லை, மிதிக்கக் காலில்லை. 38 கூற்றுகள் மட்டுமே போய்வரும் கம்பி. நூறு ஆண்டுகளாக இந்த ஆட்டம் தேடிய பூரணமான திரை அது. அந்தத் திரைக்கு ஒரே பக்கத்தில் இருவரும் உட்காரக்கூடிய கூட்டாளிகள் ஒரு வகையினர்தான். ஒரே வீட்டில் வாழ்கிறவர்கள்.

2020 மார்ச்சில் பிரிட்டன் கதவைச் சாத்தியதும் கிளப்புகள் எல்லாம் இணையத்துக்குப் போயின. 2001-இல் தொடங்கிய பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் அதுவரை ஆர்வலர்களின் இடமாக இருந்தது. ஒரே மாதத்தில் அது எல்லோருக்கும் கிளப் ஆனது. கூடவே ஏமாற்றும் வந்தது. போலந்தின் உலகத் தர ஆட்டக்காரர் மிஹாவ் நோவோசாட்ஸ்கி, இன்னொரு கணக்கில் பார்வையாளராக நுழைந்து நால்வர் சீட்டையும் பார்த்தபடி ஆடியதை அந்த ஆண்டே ஒப்புக்கொண்டார். அமெரிக்காவின் சில்வியா ஷியும் இணையத்தில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டார். இவர்கள் இருவரும் தனியாகச் செய்த தப்புகள் உலகச் செய்தியாயின. ஆனால் சாதாரணக் கிளப்புகளில் கிசுகிசுக்கப்பட்டது வேறு. "அந்த ஜோடி நேரில் ஆடும்போது இப்படி ஆட மாட்டார்களே" என்பதுதான் அது.

இப்போது என் கதை.

நானும் என் மனைவியும் வடமேற்கு லண்டனில் ஒரு சிறிய கிளப்பில் பிரிட்ஜ் கற்றோம். நாங்கள் ஆடுவது அகோல் முறை. வெஸ்ட் ஹாம்ஸ்டெட்டில் உள்ள அகோல் தெருவில் 1930களில் இருந்த ஒரு கிளப்பின் பெயர் அது. நான் வேலைக்குப் போகும் மெட்ரோபாலிட்டன் ரயில் அந்த நிலையத்தில் நிற்காமல் கடக்கும். ஒவ்வொரு முறையும் ஜன்னல் வழியே பார்ப்பேன். சீட்டாட்டத்தின் மேல் அப்படி ஒரு பற்று எங்கள் ஊரில் யாருக்கும் வந்தால் குடும்பம் கெட்டது என்பார்கள்.

2020 நவம்பர், இரண்டாவது ஊரடங்கு. வியாழன் இரவு. சாப்பாட்டு மேசையின் இரண்டு முனைகளில் இரண்டு மடிக்கணினிகள். முகம் தெரியாதபடி திரைகளைத் திருப்பி வைத்திருந்தோம், பேசுவதில்லை என்று ஒப்பந்தம். அதுவே பெரிய நேர்மை என்று நினைத்திருந்தோம். எதிரே இரண்டு ஆங்கிலேயப் பெண்மணிகள், எழுபதைத் தாண்டியவர்கள், கிளப்பில் எங்களுக்குப் பல முறை பிஸ்கட் கொடுத்தவர்கள். என் வலப்பக்கத்தவர் 1 நோ டிரம்ப் என்றார். நான் பாஸ். அடுத்தவர் நேராக 3 நோ டிரம்ப். அந்த எழுத்து திரையில் வந்த கணத்தில், மேசையின் மறுமுனையில் என் மனைவி தேநீர்க் கோப்பையை எடுக்கப் போனவள் எடுக்காமல் மறுபடி தட்டில் வைத்தாள். ஒரு சின்னச் சத்தம். பிறகு பாஸ்.

முதல் சீட்டு இறக்க வேண்டியது நான். என் கையில் நான்கு டைமண்ட், நல்ல டைமண்ட். பாடப்புத்தகம் டைமண்ட் இறக்கச் சொல்லும். நான் இறக்கியது ஹார்ட்ஸ் ஜாக்கி. அந்த நிறத்தில் என்னிடம் மூன்றே சீட்டு. அவளிடம் ஆஸ், ராணி, பத்தோடு ஐந்து இருந்தன. ராஜா டம்மியில் மாட்டிக்கொண்டது. ஐந்து பிடி எங்களுக்கு, மிச்சம் எட்டு அவர்களுக்கு. ஒன்பது வேண்டும். டைமண்ட் இறக்கியிருந்தால் அவர்களுக்கு ஒன்பது கிடைத்திருக்கும். "அருமையான தொடக்கம்" என்று ஆட்டக்காரப் பெண்மணி தட்டச்சு செய்தார். நன்றி என்று நானும் தட்டினேன். அன்று இரவு நாங்கள்தான் முதலிடம்.

படுக்கப் போகும்போது மனைவி கேட்டாள்: "ஹார்ட்ஸ் ஜாக்கியை ஏன் இறக்கினீங்க?"

என்னிடம் பதில் தயாராக இருந்தது. எதிராளி மேஜர் நிறம் இருக்கிறதா என்று கேட்காமல் நேராக மூன்றுக்குப் போனார், ஆகவே மேஜரில் அவர்கள் வலு குறைவு, ஆகவே ஹார்ட்ஸ். கேட்க நன்றாகவே இருந்தது. நானே பாதி நம்பினேன். அவள் நம்பவில்லை. "நான் கப்பைக் கீழ வெச்சேன்ல?" என்றாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, எனக்கு முன்பே தெரிந்திருந்தது என்று. அவள் கையில் நீளமான நிறம் ஒன்று இருக்கிறது, டபுள் சொல்ல ஆசைப்பட்டுத் தயங்குகிறாள் என்பதை அந்தச் சத்தம் சொல்லிவிட்டது. எது அந்த நிறம் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம். டைமண்ட் மேல் போன கையை ஹார்ட்ஸுக்கு நகர்த்தியது கணக்கல்ல, கோப்பை. கணக்கு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

மறுநாள் காலையில் நடுவருக்கு மின்னஞ்சல் எழுதியதும் நான் இல்லை, அவள்தான். விதிப்படி மதிப்பெண் திருத்தும் நேரம் கடந்துவிட்டது, சொன்னதற்கு நன்றி என்று பதில் வந்தது. அந்த முதலிடம் இன்றும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு விருந்துக்குத் திரும்புகிறேன்.

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன ஒளிவு மறைவு?" ஒன்றும் இல்லை, அதுதான் சிக்கல். வள்ளுவர் குறிப்பறிதல் என்ற தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் எழுதியிருக்கிறார். பொருட்பாலில் 71-ஆவது, அரசன் சொல்லாததை முகம் பார்த்து அறியும் அமைச்சனுக்கு. காமத்துப்பாலில் 110-ஆவது, காதலர் கண்ணைப் பார்த்து அறிவதற்கு. சொல்லாமல் அறிவது அவைக்கும் வேண்டிய திறமை, காதலுக்கும் வேண்டிய திறமை. பதினெட்டு ஆண்டு தாம்பத்தியத்தில் நாங்கள் வேறு எதைக் கற்றோமோ இல்லையோ, அதைக் கற்றோம். குளிர்சாதனப் பெட்டிக் கதவு மூடும் விதத்திலிருந்து அவள் மனநிலை எனக்குத் தெரியும். என் இருமல் எது சளி, எது சலிப்பு என்று அவளுக்குத் தெரியும். இதை விருப்பப்பட்டு நிறுத்த முடியாது. காதை மூடாமல் கேட்காதிருக்க முடியாது. நல்ல தாம்பத்தியம் எவ்வளவுக்கு எவ்வளவு நல்லதோ, அந்த அறையில் அவ்வளவுக்கு அவ்வளவு அது எதிராளிக்கு அநீதி. ஒருவரையொருவர் கவனிக்காத தம்பதிகள் வேண்டுமானால் ஒரே அறையில் ஆடலாம்.

நேரில் கிளப்பில் ஆடும்போதும் மனைவி எதிரேதானே உட்காருகிறாள் என்று இங்கே ஒரு கெட்டிக்காரர் கேட்பார். உட்காருகிறாள். ஆனால் அங்கே எதிராளி இருவரும் அதே மேசையில் இருக்கிறார்கள். கோப்பை சத்தம் கேட்டால் அவர்களுக்கும் கேட்கும். "கூட்டாளி தயங்கினார்" என்று நடுவரைக் கூப்பிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. எங்கள் சாப்பாட்டு மேசைக்கு அந்த இரண்டு பெண்மணிகளின் காது எட்டவில்லை. நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் இரண்டு பேருக்கு மட்டும் ஓசை உண்டு என்றால், மற்ற இருவரும் ஏமாந்தது அவர்களுக்கே தெரியாது. அருமையான தொடக்கம் என்று பாராட்டிவிட்டுப் போவார்கள்.

"காசு வெச்சா ஆடறீங்க?" இல்லை. வைத்தால் சூது என்பீர்கள், வைக்காவிட்டால் நேர்மை தேவையில்லை என்பீர்கள். இது பிரிட்ஜின் பழைய தொல்லை. ஆங்கில பிரிட்ஜ் ஒன்றியம் 1936 முதல் இருக்கிறது. பிரிட்ஜை விளையாட்டாக அங்கீகரிக்க மறுத்த ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பை எதிர்த்து 2015-இல் உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. மூன்று ஆண்டு கழித்து ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கினார்கள். ஒருவருக்கு 60 வயது, மற்றவருக்கு 56. அன்று வாட்சாப்பில் மூவண்ணக் கொடி அனுப்பியவர்களில் என் விருந்து நண்பரும் ஒருவர். தங்கம் வாங்கும்போது விளையாட்டு, நாம் ஆடும்போது பொழுதுபோக்கா? பொழுதுபோக்குதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது என் பொழுது மட்டும் இல்லை. எதிரே இருவர் தங்கள் மாலையைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊரடங்கு மாதங்களில் தனியாக வாழ்ந்த வயதானவர்களுக்கு வாரத்தில் வேறொரு மனிதரோடு சேர்ந்து செய்யும் ஒரே காரியம் அந்த 24 ஆட்டங்களாக இருந்திருக்கும். அதில் திருடுவது காசு திருடுவதைவிட எப்படிச் சின்னது என்று எனக்கு விளங்கவில்லை.

"அப்ப நாங்க ஏமாத்தறோம்னு சொல்றீங்களா?" சொல்லவில்லை. நீங்கள் ஏமாற்றுவதில்லை என்றே நம்புகிறேன். நானும் ஏமாற்ற நினைக்கவில்லை. நான் தொழிலால் தகவல் தொழில்நுட்ப ஆலோசகன், பெரும்பாலும் வங்கிகளுக்கு. பணப் பரிமாற்றத்தைப் பதிவு செய்பவரும் அதை அனுமதிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று மென்பொருளில் கட்டுவது என் வேலை. எந்த வங்கி ஊழியரும் இதைப் பார்த்து "என்னைத் திருடன் என்கிறாயா?" என்று கேட்டதில்லை. நேர்மையானவர் நேர்மையானவர்தான் என்று மற்றவர்களுக்குத் தெரிய ஓர் அமைப்பு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் என் மனைவி என்ன பங்கு வைத்திருக்கிறாள் என்று படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அலுவலகத்தில் இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்யும் நாம், வீட்டு வாசலைத் தாண்டியதும் மானம் போகிறது என்கிறோம்.

வீட்டில் காதில் விழுவது சின்ன விஷயம் என்பவர்கள் ஹூஸ்டன் வழக்கைப் படிக்கலாம். லண்டனைத் தலைமையகமாகக் கொண்ட பி.பி. நிறுவனம் டிராவல் சென்டர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தை வாங்கப்போவது 2023 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதில் வேலை செய்த பி.பி. மேலாளரின் கணவர், வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது சுமார் 20 அடி தூரத்தில் மனைவி பேசிய தொலைபேசி உரையாடல்களைக் கேட்டு, அந்தப் பங்குகளை வாங்கி 17.6 லட்சம் டாலர் லாபம் பார்த்தார். பிறகு அவரே மனைவியிடம் ஒப்புக்கொண்டார். மனைவி மேலதிகாரியிடம் சொன்னார். அவர் தெரிந்தே கசியவிட்டதற்குச் சான்று இல்லை என்றபோதும் வேலை போனது. அவர் விவாகரத்துக்கு மனுச் செய்தார். 2024-இல் கணவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் செய்த தப்பு என்ன? கதவைச் சாத்தாமல் பேசியது. எங்கள் கோப்பைக்கும் அதற்கும் தொகையில்தான் வித்தியாசம்.

கதவைச் சாத்துவது எதிராளிக்காக மட்டும் இல்லை, உங்களுக்காகவும்தான். ரீஸ், ஷப்பிரோ விவகாரத்தை மறுபடி நினைத்துப் பாருங்கள். உலகக் கூட்டமைப்பு குற்றவாளிகள் என்றது. இங்கே பிரிட்டனில் நடந்த விசாரணை, சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று விடுவித்தது. இரண்டு தீர்ப்பும் இன்றைக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இருவரும் இறந்து பல ஆண்டுகள் ஆகியும் பிரிட்ஜ் ஆடுகிறவர்கள் கட்சி பிரிந்து வாதாடுகிறார்கள். ஆயிரம் பேர் பார்த்த மேசையிலேயே உண்மை தீரவில்லை என்றால், சாட்சியே இல்லாத உங்கள் வரவேற்பறையில் எப்படித் தீரும்? ஒரு நல்ல யோகத்தில் நீங்கள் மூன்று வாரம் தொடர்ந்து ஜெயித்தாலே போதும், கிசுகிசு தொடங்கிவிடும். அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாது. தனித்தனி அறை என்று முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு பதிலாவது இருக்கும்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கத்தாரையும் கண்டிக்க வேண்டும். தம்பதிகளைச் சேர்ந்து ஆடவே விடக் கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டு மூலையில் கேமரா வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். புள்ளிவிவரத்தைப் போட்டுப் பார்த்து, முதல் சீட்டு அடிக்கடி சரியாக விழுகிறது, ஆகவே திருடர்கள் என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். புள்ளிவிவரம் விசாரணைக்குத் தொடக்கமாகலாம், தண்டனைக்கு முடிவாகக் கூடாது. 2020-இல் வந்த ரியல்பிரிட்ஜ் போன்ற தளங்களில் முகம் பார்த்து, குரல் கேட்டு ஆடலாம். அது நல்ல ஏற்பாடு, ஆனால் கேமராவின் சட்டகத்துக்கு வெளியே என்ன நடக்கிறது என்று அதற்கும் தெரியாது. வீட்டைச் சிறையாக்காமல் நேர்மையாக இருக்க வழி ஒன்றுதான். வீட்டில் இருப்பவர்களே அதைச் செய்ய வேண்டும். வெளியிலிருந்து திணிக்கப்படும் கண்காணிப்பைத் தடுக்க, உள்ளேயிருந்து கதவைச் சாத்துவதைவிட நல்ல வாதம் கிடையாது.

லண்டனில் எல்லோருக்கும் இரண்டாவது அறை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஒற்றை அறை ஃபிளாட்டில் நானும் நான்கு ஆண்டு இருந்தவன். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் போதாதா என்றால், போதாது. நாற்காலி அசைவது கண்ணுக்குத் தெரியும். அப்படிப்பட்டவர்கள் மதிப்பெண் இல்லாத நட்பு மேசைகளில், "நாங்கள் ஒரே அறையில் இருக்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ஆசைதீர ஆடலாம். போட்டி என்றால் ஒருவர் ஒரு வாரம், மற்றவர் மறு வாரம், வேறு கூட்டாளியோடு ஆடலாம். ஒரே இரவில் இருவரும் வெவ்வேறு கூட்டாளிகளோடு ஆடுவது தீர்வாகாது, கவனியுங்கள். டூப்ளிகேட் பிரிட்ஜில் எல்லா மேசைக்கும் அதே சீட்டுகள்தான் வரும். அவள் ஏழாவது ஆட்டத்தில் "அட, ஸ்லாம் இருந்ததே" என்று முணுமுணுத்தால், இன்னும் அந்த ஆட்டத்துக்கு வராத எனக்கு அது விடைத்தாள்.

கடைசியாக, இது ஏன் ஓர் இலக்கியக் காலாண்டிதழுக்கு உரிய விஷயம் என்று நினைக்கிறேன். ஊரடங்கின்போது நம் குழந்தைகளுக்கு இணையத்தில் திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டி ஒன்றுக்கு நடுவராக உட்கார்ந்தேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் பிழையில்லாமல் சொல்லிக்கொண்டே போனான். அவன் கண் மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. மடிக்கணினிக்குப் பின்னால் எதையோ படித்துக்கொண்டிருந்தது. நடுவே தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. அடுத்த குறள் வந்தது. அவன் ஒப்புவித்த அதிகாரம் வாய்மை. நடுவர் மூவரும் கேட்டோம், மூவரும் பேசாமல் மதிப்பெண் போட்டோம். குழந்தைதானே, தமிழ் படிக்கிறதே பெரிசு என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். அந்தப் பையனுக்கு இப்போது பதின்ம வயது. வீட்டுக்குள் நடப்பது கணக்கில் வராது என்ற பாடத்தை அவன் அன்று தமிழில் கற்றான். அதைக் கற்பித்தவர்களில் நானும் ஒருவன்.

பள்ளியில் இந்த நாட்டுச் சட்டம், வீட்டில் நம் சட்டம் என்று இரண்டாகப் பிரித்து வாழ்கிறோம். வெளியே வரிசையில் நிற்போம், வரி கட்டுவோம், படிவம் நிரப்புவோம். உள்ளே வந்ததும் "நம்மளுக்குள்ள என்ன" என்போம். அந்த "நம்மளுக்குள்ள" என்ற சொல்லுக்குள் எவ்வளவு அன்பு இருக்கிறதோ அவ்வளவு அநியாயமும் ஒளிந்திருக்கிறது. இணையம் வந்த பிறகு உள்ளே என்ற இடமே இல்லை. என் சாப்பாட்டு மேசை அந்த இரண்டு பெண்மணிகளின் மேசையும்தான். அங்கே அவர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது என் மனைவியோடு எனக்குத் தனிப்பேச்சு கிடையாது, கோப்பை வழியாகக்கூட.

இப்போதும் வியாழன்தோறும் ஆடுகிறோம். அவள் மாடி அறையில், நான் சமையலறையில், இரண்டு கதவும் சாத்தி. தளத்தில் எங்கள் பெயருக்குக் கீழே, தம்பதி, தனித்தனி அறை என்று எழுதியிருக்கிறோம். பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எங்கள் சராசரி மதிப்பெண் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் அவள் படியிறங்கி வரும் சத்தம் கேட்கும். வேகமாக இறங்கினால் நான் ஏதோ தப்பாக ஆடியிருக்கிறேன் என்று பொருள். அந்தக் குறிப்பை அறிந்துகொள்ள எனக்கு முழு உரிமை உண்டு.